எழுபத்திரண்டு கோபுரங்களும் ஒரு கிணறும்

எல்சா பள்ளத்தாக்கு

பொஜ்ஜிபோன்ஸி ரயிலடியில் நாங்கள் ஏறிய பஸ் எல்சா நதிப் பள்ளத்தாக்கை விட்டு மேற்கே திரும்பி, சாம்பல் பூத்த ஒலிவ மரங்களும் இலை பழுக்கத் தொடங்கிய திராட்சைத் தோட்டங்களும் மாறி மாறி வருகின்ற குன்றுச் சரிவுகளில் வளைந்து வளைந்து ஏறிக் கொண்டிருந்தபோது, ஒரு திருப்பத்தில், ஒருவரும் எதிர்பாராத கணத்தில், அந்தக் கோபுரங்கள் வானத்தின் விளிம்பிலே வரிசையாக எழுந்து நின்றன. பஸ்ஸிலிருந்த அத்தனை பேரும் ஒரே பக்கமாகச் சாய்ந்தார்கள். தொலைவில் கோபுரம் தென்பட்டால் கை தானாகக் குவிகிற தேசத்திலிருந்து போனவன் நான். இந்தக் கோபுரங்களுக்கோ தெய்வத்தோடு யாதொரு சம்பந்தமும் இல்லை. சிற்பமில்லை, கலசமில்லை, ஜன்னல்கூட அபூர்வம். சதுரமாகவும் மொட்டையாகவும் கல்லால் அடுக்கப்பட்டு, ஒவ்வொன்றும் என்றோ மண்ணாய்ப் போன ஒரு வியாபாரக் குடும்பத்தின் கர்வத்தை எழுநூறு வருஷங்களுக்குப் பிறகும் கூசாமல் சொல்லிக்கொண்டு நிற்பவை அவை. இத்தாலியின் டஸ்கனி மாகாணத்தில் மதிலுக்கும் மதுவுக்கும் பேர் போன சான் ஜிமிஞானோ அதுதான்.

எல்லாரும் காமிராவைத் தூக்கிய அந்த நேரத்தில் என் மனைவி என் தோளைத் தொட்டு, "என்னங்க, இத்தனை உயரத்தில் கொண்டுபோய் ஊரைக் கட்டியிருக்கிறார்களே, தண்ணிக்கு என்ன செய்வார்கள்?" என்று கேட்டாள்.

அவள் ராமநாதபுரம் சீமைக்காரி. நான் காவேரிப் பாசனத்தில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் ஊரில் தண்ணீர் வாய்க்காலில் வரும், வராவிட்டால் சர்க்காரைத் திட்டுவோம், அதோடு அந்த விஷயம் முடிந்தது. அவளுக்கு அப்படியில்லை. எந்த ஊருக்குப் போனாலும் அங்கே ஊருணி எங்கே, கிணறு எத்தனை ஆழம், மழை எந்த மாதம் என்று விசாரித்து அறிந்துகொள்ளாமல் அவள் மனம் அமைதி கொள்வதில்லை. அந்தக் கேள்விக்கு விடை தெரியாத நான் கையேட்டைப் புரட்டினேன். அதில் கோபுரங்களின் உயரம் இருந்தது. தண்ணீரைப் பற்றி ஒன்றுமில்லை.

புனித யோவான் வாயில்

1262ஆம் ஆண்டில் எழுந்த தெற்கு வாயிலின் வழியாகத்தான் இன்றும் பெரும்பாலான ஜனங்கள் ஊருக்குள் நுழைகிறார்கள். வாயிலுக்கு வெளியே பஸ்களும் மோட்டார்களும் நின்றுவிட, உள்ளே கால்நடையாக ஏறிச் செல்லும் தெருவின் இரு மருங்கிலும் தோல் பைகளும் மட்பாண்டங்களும் காட்டுப்பன்றி இறைச்சியும் விற்கும் கடைகள். கடை தவறாமல் வெளிர்மஞ்சள் மது நிரம்பிய புட்டிகள். பழநியடிவாரத்துப் பஞ்சாமிர்தக் கடைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. யாத்திரிகர்களால் பிழைப்பது இவ்வூருக்குப் புதிதும் அல்ல. பிரான்சு தேசத்தைக் கடந்து ரோமாபுரிக்குச் செல்லும் பழைய யாத்திரைப் பாதை இக்குன்றின் மேல்தான் போயிற்று. ரோமாபுரியிலிருந்து இங்கிலாந்துக்குத் திரும்பிய காண்டர்பரி அத்தியட்சர் சிகெரிக், 990ஐ ஒட்டி, தாம் தங்கிச் சென்ற ஊர்களின் ஜாபிதாவில் இதையும் எழுதி வைத்திருக்கிறார்.

அந்த யாத்திரிகர்கள் விட்டுச் சென்ற காசும், சுற்றிலும் விளைந்த குங்குமப்பூவும் சேர்ந்து ஊரைக் கொழுக்க வைத்தன. 1228இல் போர்க்கடன் ஒன்றை ஊரார் பொன்னுக்குப் பதிலாகக் குங்குமப்பூவாலேயே நிறுத்து அடைத்தார்கள் என்றால், அந்தப் பூவின் மகிமை என்னவாயிருந்திருக்கும்! பணம் வந்தது, பணத்தோடு பகையும் வந்தது. ஆர்தின்கெல்லி, சால்வுச்சி என்ற இரண்டு குலங்கள், ஒன்று போப்பாண்டவர் கட்சியும் மற்றொன்று சக்கரவர்த்தி கட்சியுமாக, ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் வாழ்ந்தன. அவர்களைப் பார்த்து மற்றவர்களும் கோபுரம் கட்டத் தொடங்க, நாளடைவில் மதிலுக்குள்ளே எழுபத்திரண்டு கோபுரங்கள் எழுந்தன என்பது வழிவழியாகச் சொல்லிவரும் கணக்கு. வழக்குகளைத் தீர்க்க உள்ளூர்க்காரன் எவனையும் நம்ப முடியாமல் வேற்றூரிலிருந்து நீதிபதியைச் சம்பளத்துக்கு அழைத்து வந்து உட்கார்த்தி வைத்திருந்தார்கள். அவருடைய மாளிகைக் கோபுரத்துக்கு மேல் எவரும் உயரமாய்க் கட்டலாகாது என்று 1255இல் சட்டம் போட்டதும், கட்டிய சிலர் பிறகு இடித்துக் குறைக்க நேர்ந்ததும் சரித்திரம்.

கிட்டப் போய்ப் பார்த்தால் இக்கோபுரங்களில் மனிதன் வசிப்பதற்கு இடமே இல்லை. சுவர்தான் பெரும்பகுதி, நடுவிலே ஒரு கட்டில் போட்டால் கதவைத் திறக்க முடியாது. வெளிச் சுவரில் காணும் சதுரத் துளைகள், ஒரு காலத்தில் மரத் தாழ்வாரங்களைத் தாங்கிய உத்திரங்கள் செருகியிருந்த இடங்களாம். இவ்வளவு செலவும் அண்டை வீட்டான் அண்ணாந்து பார்க்க வேண்டுமென்பதற்கே.

பிறகு 1348இல் கொள்ளைநோய் வந்தது. ஊரில் பெரும்பகுதி செத்தது. ஐந்தாறு வருஷங்களுக்குள் மிச்சமிருந்தவர்கள் தாங்களாகவே ஃபிளாரன்ஸுக்கு அடங்கினார்கள். யாத்திரைப் பாதையும் கீழே சமவெளிக்கு இறங்கிவிட்டது. பணமுள்ள ஊர்கள் பழைய வீடுகளை இடித்துப் புதிய மோஸ்தரில் மாளிகைகள் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், இடிப்பதற்குக்கூடக் கையில் காசில்லாமல் இந்த ஊர் அப்படியே நின்றுபோயிற்று. 1990இல் உலகத்தின் பொதுச் சொத்தென்று ஐக்கிய நாட்டு ஸ்தாபனம் இதைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டதென்றால், அதற்கு அந்த ஐந்நூறு வருஷத் தரித்திரத்துக்குத்தான் முதலில் நன்றி சொல்ல வேண்டும்.

கிணற்றுச் சதுக்கம்

தெரு ஏறி முடிந்து, ஒரு வளைவுக்குள் நுழைந்து வெளிப்பட்டவுடன், செங்கல்லை மீன்முள்போல் பதித்த ஒரு மைதானம் முக்கோணமாக விரிகிறது. சுற்றிலும் மாளிகைகள், தலைக்கு மேலே கோபுரங்கள். அவற்றுக்கு மத்தியில், படிகள் சூழ்ந்த எண்கோண மேடையின்மேல், ஒரு கிணறு.

என் மனைவி நேரே அதனிடம்தான் போனாள். மாளிகைகளை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. கைப்பிடிச் சுவரைக் குனிந்து தடவிப் பார்த்துவிட்டு, "இங்கே வந்து பாருங்கள்" என்று கூப்பிட்டாள். கல்லின் விளிம்பில் விரல் புதையும் ஆழத்துக்குக் கயிற்றுத் தடங்கள். எங்கள் வீட்டுக் கொல்லையிலும், அவளுடைய ஊரின் பொதுக் கிணற்றிலும், தமிழ்நாட்டில் எத்தனையோ ஆயிரம் கிணறுகளிலும் உள்ள அதே தடம். இறைத்தவர்களின் பாஷை வேறு, கயிறு செய்த வேலை ஒன்று.

1273இல் வெட்டி, 1346இல் பெரிதாக்கிய கிணறு இது. ஊற்றுக் கிணறன்று, கூரைகளிலும் தளங்களிலும் விழும் மழைநீரை நிலத்துக்கடியில் சேமித்து வைக்கும் தொட்டியின் வாய் என்பது பக்கத்தில் நின்ற வழிகாட்டி ஒருவர் தம் கூட்டத்துக்குச் சொன்னதிலிருந்து தெரிந்தது. நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அவள் முகத்தில் ஒரு திருப்தி படர்ந்தது. "அப்படியென்றால் ஊருணிதான்" என்றாள். ஆர்தின்கெல்லிகளின் இரட்டைக் கோபுரங்கள் இந்தச் சதுக்கத்தின் ஓரத்திலேயே நிற்கின்றன. சால்வுச்சிகளின் இரட்டைக் கோபுரங்கள் கூப்பிடு தூரத்தில். உச்சியிலிருந்து ஒருவரையொருவர் முறைத்துக்கொண்ட அந்த இரண்டு வீட்டு வேலைக்காரிகளும் காலையில் இந்தக் கல்லின்மேல்தான் குடத்தை வைத்துக்கொண்டு முறைக்காகக் காத்திருந்திருக்க வேண்டும். அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை ஒரு சரித்திரக்காரனும் எழுதி வைக்கவில்லை.

பெரிய கோயில்

சதுக்கத்தை அடுத்திருக்கும் பிரதான தேவாலயத்தின் வெளிமுகம் வெறும் சுவர். உள்ளே காலடி வைத்ததும் மூச்சு நின்றுவிடுகிறது. தரை தவிர எங்கும் சித்திரம். எழுத்தறியாத ஜனங்களுக்காக இடச்சுவரில் பழைய ஏற்பாடும் வலச்சுவரில் புதிய ஏற்பாடும் கட்டம் கட்டமாக எழுதியிருக்கிறார்கள். பார்த்தொலோ தி ஃபிரெதி 1367இல் எழுதிய பழைய ஏற்பாட்டு வரிசையில், பிரளயத்துக்குப் பின் திராட்சை நட்டு, அதன் ரசத்தைக் குடித்து, ஆடை குலைந்து கிடக்கும் நோவாவையும் காணலாம். பின்புறத்தில் தத்தேயோ தி பார்த்தொலோ தீட்டிய நரகத்தில், போஜனப் பிரியர்கள் பண்டம் நிறைந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்க, பூதங்கள் அவர்களைப் படாத பாடு படுத்துகின்றன. மது விற்றுப் பிழைக்கும் ஊர் தன் கோயிலுக்குள்ளே இப்படி எழுதி வைத்துக்கொண்டதை நான் மிகவும் மெச்சினேன்.

ஆயினும் ஊராருடைய பிரியம் வேறிடத்தில். 1253இல் பதினைந்து வயதில் இறந்த ஃபீனா என்ற ஏழைப் பெண், உடல் செயலற்றுப்போய் ஐந்து வருஷம் ஒரு மரப்பலகையிலேயே படுத்துக் கிடந்தாளாம். அவள் போன அன்று பலகையில் பூ மலர்ந்தது என்றும், ஆளில்லாமலே கோபுரங்களின் மணிகள் ஒலித்தன என்றும் ஐதிகம். அவளுடைய சந்நிதியில் கிர்லாந்தாயோ எழுதிய சித்திரங்களில் பின்னணியாகத் தெரிவது இதே ஊர், இதே கோபுரங்கள். மார்ச்சு மாதத்தில் கோபுரங்களின் கல்லிடுக்குகளில் மஞ்சள் பூக்கள் பூக்குமாம். அவற்றை இன்றும் அவள் பெயரால்தான் அழைக்கிறார்கள். நாங்கள் போனது செப்டம்பர். கல்லிடுக்குகளில் காய்ந்த செடிதான் இருந்தது.

பெரிய கோபுரம்

54 மீட்டர். 1311இல் கட்டி முடித்தது; ஊர்ச் சபைக்குச் சொந்தமானபடியால் சட்டம் அதைக் கட்டுப்படுத்தவில்லை. என் முழங்கால்கள் படிகளைப் பற்றி வேறு அபிப்பிராயம் கொண்டிருந்தும் ஏறினேன். கீழே, கவி தாந்தே ஃபிளாரன்ஸின் தூதராக வந்து பேசியதால் அவர் பெயரே வைத்த மண்டபம், மேலே, காற்று. நான்கு திசையிலும் குன்றுகள், குன்றுகளின் மேல் சீப்பு வாரியதுபோல் திராட்சை வரிசைகள். ஆறோ ஏரியோ வாய்க்காலோ கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒன்றுகூட இல்லை. கீழே கிணற்று மேடையில் என் மனைவியின் பச்சைப் புடவை ஒரு புள்ளியாகத் தெரிந்தது.

இராப்போஜனம்

சாயங்காலம் ஐந்து மணிக்குமேல் கூட்டமெல்லாம் பஸ் ஏறிப் போய்விட, ஊர் ஊராருக்கே திரும்பக் கிடைத்தது. வீட்டு வாசல்களில் நாற்காலி போட்டுக் கிழவர்கள் உட்கார்ந்தார்கள். நாங்கள் தங்கிய விடுதியின் முதலாளி, எழுபது பிராயம் இருக்கும், தாமே பரிமாறினார்.

முதலில் ரொட்டி வந்தது. உப்பே இல்லை. "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று கற்றுக் கொடுத்த தேசத்தார் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். டஸ்கனியில் ரொட்டிக்கு உப்புப் போடுவதில்லை என்பது சம்பிரதாயம். தேசப் பிரஷ்டம் செய்யப்பட்ட தாந்தே, அந்நியர் வீட்டு ரொட்டி உப்புக் கரிப்பதைத் தம் துக்கத்துக்கு அடையாளமாகச் சொன்னதன் பொருள் எனக்கு அந்த வாயளவு ரொட்டியில்தான் விளங்கிற்று. அடுத்து, முதல்நாள் மிஞ்சிய அதே ரொட்டியைத் தக்காளியிலும் துளசி வாசனையுள்ள ஓர் இலையிலும் ஒலிவ எண்ணெயிலும் குழைய வேகவைத்த கூழ். என் மனைவி இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள். பழையதை மரியாதையோடு உண்ணத் தெரிந்த ஜனங்கள் எங்கே இருந்தாலும் நமக்கு உறவினர்தாம்.

அதற்குப் பிறகுதான் சங்கடம். முதலாளி ஒரு புட்டியைத் திறந்து, எனக்கு முன்னால் கிண்ணத்தை வைத்தார். நான் மறுத்தேன். இங்கே ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்: 1937இல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கியபோது அந்தப் பத்திரிகைச் செய்தியை ஊர்ச் சாவடியில் உரக்கப் படித்துக் காட்டியவர் என் பாட்டனார், எங்கள் வீட்டில் மது என்ற சொல் விலக்கு என்ற சொல்லின் துணையில்லாமல் தனியே வெளியே வந்ததில்லை. அந்த மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இது சாராயம் அல்ல, ஐயா. வெர்னாச்சா. இதற்காக ஒரு போப்பாண்டவர் இன்னும் பட்டினி கிடக்கிறார்" என்று சொல்லிச் சிரித்தார். தாந்தே தம் காவியத்தில், உத்தரிக்கிற ஸ்தலத்திலே, நான்காம் மார்ட்டின் என்ற போப்பை உபவாசம் இருக்க வைத்திருக்கிறார். உயிரோடிருந்த காலத்தில் போல்சேனா ஏரியின் விலாங்கு மீன்களை வெர்னாச்சாவில் ஊறவைத்துத் தின்ற பாவத்துக்குத் தண்டனை அது. எந்த ஊர் வெர்னாச்சா என்று கவி சொல்லவில்லை. இவ்வூரார் அதைப் பற்றிச் சந்தேகமே கொள்வதில்லை. 1276லேயே ஊர்ச் சபை இந்த மதுவுக்கு வரி விதித்த ஏடு இருக்கும்போது வேறெந்த ஊருக்கு உரிமை என்பது அவர்கள் வாதம். அந்தப் பெயருக்கே "அந்தந்த ஊருக்குரியது" என்று பொருள்படும் லத்தீன் சொல் மூலமாயிருக்கலாம் என்று சிலர் சொல்லுகிறார்கள். அவ்விதமானால் நம் பாஷையில் "நாட்டுச் சரக்கு" என்பதற்குச் சரியான மொழிபெயர்ப்பு அது. இதை நான் முதலாளிக்குச் சொல்லவில்லை.

"உங்கள் தேசத்தாருக்குத் திராட்சை மது பழக்கமில்லை போலும்" என்றார் அவர். அதற்கு மட்டும் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் வீலர் துரை தோண்டியபோது, மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச் சாடிகள் ஓடுகளாய்க் கிடைத்தன. அவற்றோடு கிடைத்த சிவந்த மெருகுக் கலங்களுக்கு, இதே டஸ்கனியில் இங்கிருந்து கிழக்கேயுள்ள அரெஸ்ஸோ நகரின் பழம்பெயரால்தான் பெயர். அந்தக் கலங்களின் காலத்தைக் கொண்டே அங்கே தோண்டிய மற்ற எல்லாவற்றுக்கும் வீலர் காலம் நிர்ணயித்தார். யவனர் கொண்டுவந்த மதுவைப் பொற்கிண்ணத்தில் அருந்தி இனிது வாழ்வாயாக என்று நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்திய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. இவ்வளவையும் என் உடைந்த இத்தாலியத்திலும் கைஜாடையிலுமாகச் சொல்லி முடித்தபோது, முதலாளி சமையலறையிலிருந்து தம் மனைவியைக் கூப்பிட்டு, அவருக்காக மறுபடியும் ஒரு முறை சொல்லச் சொன்னார்.

"இரண்டாயிரம் வருஷ வாடிக்கைக்காரரா! அப்படியிருந்தும் குடிக்க மாட்டீர்களா?" என்றார். கிண்ணம் தொடப்படாமல் திரும்பிப் போயிற்று.

திராட்சைத் தோட்டம்

மறுநாள் காலை, விடுதி முதலாளி சொல்லியனுப்பியபடி, மதிலுக்கு வடக்கே இரண்டு மைல் தொலைவிலுள்ள ஒரு தோட்டத்துக்கு நடந்து போனோம். அறுவடைக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. வரிசைகளின் முனையில் ரோஜாச் செடிகள். பயிருக்கு வரும் பூஞ்சண நோய் முதலில் ரோஜாவைப் பிடிக்கும், பார்த்து எச்சரிக்கையாகலாம் என்று வைத்த காவல். தோட்டத்துக்காரி எண்பது வயதைத் தாண்டிய ஒரு மூதாட்டி. பேத்தி ஆங்கிலம் பேசுவாள். இரண்டு பாஷைகளைத் தாண்டி வந்துகொண்டிருந்த பேச்சு, சிறிது நேரத்தில் என்னை விட்டுவிட்டு, என் மனைவிக்கும் அந்த மூதாட்டிக்கும் இடையே நேரடியாக நடக்கத் தொடங்கியது.

"எப்போது தண்ணீர் பாய்ச்சுவீர்கள்?" என்பது இவளுடைய முதல் கேள்வி.

பேத்தி சிரித்தாள். பாய்ச்சுவதில்லை. நட்ட புதிதில் கன்றுக்குச் சிறிது. அப்புறம் வானம் பார்த்ததுதான். தண்ணீர் கொடுத்தால் கொடி சோம்பேறியாகி வேரை மேலேயே பரப்பிக்கொள்ளும், பழம் பருக்கும், ரசம் நீர்த்துப் போகும். தாகம் எடுத்தால்தான் வேர் கீழே போகும் என்றாள்.

"மானாவாரி" என்றாள் என் மனைவி, என்னைத் திரும்பிப் பார்த்து, ஒரு வழக்கில் ஜெயித்தவள்போல். முப்பத்தைந்து வருஷங்களாக என் வீட்டாரின் நெல்லையும் வாழையையும் பற்றிக் கேட்டுக்கொண்டு வந்தவளுக்கு, உலகப் பிரசித்தி பெற்ற ஒரு பயிர் தன் கட்சியில் இருப்பது தெரிந்ததில் உண்டான சந்தோஷத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

மூதாட்டியின் தகப்பனார் இந்த நிலத்துக்குச் சொந்தக்காரர் அல்லர், வாரத்துக்கு உழுதவர். விளைவதில் பாதி மிராசுதாருக்கு, பாதி உழுதவனுக்கு. மெட்ஸாத்ரியா என்று பெயர். சொல்லின் பொருளே "பாதி" என்பதிலிருந்து வந்தது. தஞ்சாவூர் ஜில்லாக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முட்டையில் பாதி, கோழியில் பாதி, பன்றியில் பாதி என்று அவர் விரல்களை மடக்கி எண்ணியபோது, எங்கள் வீட்டுத் திண்ணையில் கைகட்டி நின்று கணக்குச் சொன்னவர்களின் முகங்கள் என் நினைவுக்கு வந்தன. நாங்கள் எந்தப் பக்கத்துப் பாதி என்பதை அந்த அம்மையார் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த நாளில் திராட்சை தனி வரிசையாக வளர்ந்ததில்லையாம். வயலோரத்து மரங்களில் கொடியை ஏற்றிவிட்டு, இடையிலே கோதுமை விதைப்பார்கள். வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தியைப் பற்றிக் கொடி ஏறுவதுபோல் என்று நினைத்துக்கொண்டேன். 1964இல் புதிய வார ஒப்பந்தங்களைச் சட்டம் தடுத்தது. அதற்கு முன்பே வாலிபர்கள் பட்டணத்துத் தொழிற்சாலைகளுக்கு இறங்கிவிட்டார்கள். போனவர்கள் போக, நிலத்தைச் சிறுகச் சிறுக வாங்கித் தங்கிய குடும்பங்களில் இது ஒன்று.

நடுவில் சில நூற்றாண்டுகள் யாராலும் சீந்தப்படாமல் கிடந்த வெர்னாச்சாவுக்கு மறுபடியும் யோகம் அடித்ததும் அப்போதுதான். மதுவகைகளுக்குப் பிறப்பிடப் பத்திரம் வழங்க இத்தாலிய சர்க்கார் தொடங்கியபோது, 1966இல், முதன்முதல் அதைப் பெற்றது இவ்வூர் மது. 1993இல் அதற்கும் மேலான பட்டம் கிடைத்தது. நம் ஊரில் புவிசார் குறியீடு கொடுக்கிறார்களே, ஏறக்குறைய அதுபோல.

வரிசைகளுக்கிடையே நடந்தபோது காலடியில் ஏதோ நொறுங்கிற்று. குனிந்து பார்த்தால் கிளிஞ்சல். மஞ்சள் மணலிலும் களிமண்ணிலும் எங்கு பார்த்தாலும் சிப்பிகள்; சமுத்திரமோ ஏறக்குறைய முப்பது மைலுக்கு அப்பால். பல லட்சம் வருஷங்களுக்கு முன் இந்தக் குன்றுகள் கடலடியாயிருந்தன என்றும், வெர்னாச்சாவின் ருசிக்கு அந்த மண்தான் காரணம் என்றும் பேத்தி சொன்னாள். பாட்டி ஒரு முழுச் சிப்பியைத் தேடியெடுத்து, தம் முன்றானைத் துணியில் துடைத்து, என் மனைவியின் உள்ளங்கையில் வைத்தார்.

வீட்டு வாசலில், அத்திமரத்து நிழலில், ஆட்டுப்பால் கட்டியும் உப்பில்லா ரொட்டியும் வைத்து, நான்கு கிண்ணங்களில் ஊற்றினார்கள். நான் என் வழக்கமான மன்னிப்பை ஆரம்பித்தேன். அதற்குள் என் மனைவி கிண்ணத்தை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன காரியம் செய்தாய்?" என்றேன் தமிழில்.

"தண்ணியில்லாத காட்டில் விளைவித்தவர்கள் கையால் கொடுக்கிறார்கள். வேண்டாமென்று எப்படிங்க வைக்கிறது?" என்றாள் நிதானமாக. அவளுடைய ஊரில், வந்தவனுக்குக் கொடுக்கும் ஒரு செம்புத் தண்ணீரை மறுப்பது மகாபாவம் என்பது எனக்குத் தெரியும். பாட்டனாரை மனத்துக்குள் நமஸ்கரித்துவிட்டு நானும் ஒரு வாய் குடித்தேன். இனிப்பு எதிர்பார்த்தவனுக்கு இனிப்பே இல்லை. புளிப்பும் ஒரு குளுமையும் முதலில் நாக்கில் பட்டன. விழுங்கியபின், வாதுமைப் பருப்பின் தோலைக் கடித்தாற்போல் மெல்லிய கசப்பு ஒன்று தொண்டையில் தங்கி நின்றது. இதற்காகப் போப்பாண்டவர் பட்டினி கிடந்தது நியாயமா என்று தீர்ப்புச் சொல்லும் யோக்கியதை எனக்கில்லை. இரண்டாவது வாய் குடிக்கவில்லை. என் மனைவி கிண்ணத்தைக் காலி செய்தாள்.

ஊற்று மண்டபம்

ஊருக்குத் திரும்புகையில், கிழக்கு மதிலில் உள்ள சிறிய வாயிலைக் கடந்து கீழே இறங்கும் ஒரு பாதையைப் பேத்தி சொல்லியிருந்தாள். கடையில்லை, கூட்டமில்லை. மதிலின் அடிவாரத்தில், மரநிழலில், வட்ட வளைவுகளும் கூர் வளைவுகளுமாகப் பல காலத்தில் கட்டிச் சேர்த்த ஒரு நீள மண்டபம். ஒவ்வொரு வளைவுக்குள்ளும் ஒரு தொட்டி. தொட்டிகளில், குன்றுக்குள்ளிருந்து சத்தமில்லாமல் கசிந்து நிறைகிற தண்ணீர். கோபுரம் கட்டிய சீமாட்டிகளின் பட்டும், கம்பளி நெய்தவர்களின் ரோமமும் இங்கேதான் அலசப்பட்டன. மழைத் தொட்டி வற்றிய கோடையில் ஊரே இங்கேதான் இறங்கி வந்திருக்கும்.

என் மனைவி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தொட்டியின் கரையில் உட்கார்ந்தாள். முதல்நாள் பஸ்ஸில் கேட்ட கேள்விக்கு முழு விடை கிடைத்த நிம்மதி அவள் முதுகிலேயே தெரிந்தது. கைப்பையிலிருந்து அந்தச் சிப்பியை எடுத்து, வரிகளுக்கிடையே ஒட்டியிருந்த மஞ்சள் மண்ணை நகத்தால் சுரண்டி, தண்ணீரில் அலசினாள்.

"எங்கள் ஊர்க் கடற்கரையில் இதை யாருங்க குனிந்து எடுப்பார்கள்?" என்று சொல்லிக்கொண்டே, அதைப் புடவைத் தலைப்பில் வைத்து முடிந்துகொண்டாள்.

பஸ்ஸுக்கு இன்னும் அரைமணி இருந்தது. மேலே ஏற வேண்டிய படிகளை நினைத்துக்கொண்டு நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.